உப்பா, சுண்ணாம்பா? தண்ணியைத் தெரிஞ்சு பாய்ச்சுவோம்

மதுரையில வீடு பார்க்கப் போறவங்க வாடகைக்கு முன்னாடி கேட்கிற கேள்வி, "தண்ணி எப்படி? நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?" என்பதுதான். வைகைத் தண்ணி குழாயில் வரும் தெரு என்றால் மரியாதையே தனி. 2011-இல் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தபோது உள்ளே வந்த புறநகர்ப் பகுதிகளில் பலவும் நீண்ட காலமாகப் போர் தண்ணியை நம்பியே இருந்தவை. அங்கே குழாயைத் திறந்தால் வருவது பாறையில் ஊறிய தண்ணி.

நான் வங்கி வேலையில் ஓய்வு பெற்று, திருமங்கலம் பக்கம் மூணு ஏக்கரில் இயற்கை விவசாயம் செய்கிறவன். வீடு மதுரைப் புறநகரில். ரெண்டு இடத்திலும் தண்ணி ஒரே ரகம். வீட்டில் அது செய்கிற வேலையைக் கவனித்துப் பார்த்தால், வயலில் அது என்ன செய்யும் என்பது தானாகப் புரியும். அதனால் அடுப்படியில் இருந்தே தொடங்குவோம்.

அடுப்படியும் குளியலறையும்

துவரம்பருப்பு நாலு விசில் விட்டாலும் நறுக்கு நறுக்கென்று நிற்கும். தண்ணியில் உள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பின் செல் சுவரை இறுக்கிப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு ஏறும். ஷவர் ஓட்டை அடைக்கும். வெள்ளை வேட்டி நாலே சலவையில் பழுப்படிக்கும். தலைமுடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது என்று வீட்டுக்கு வீடு புலம்பல்.

சோப்புக் கணக்கைப் பாருங்கள். தண்ணியில் கரைந்த கால்சியமும் மக்னீசியமும் முதலில் சோப்பைப் பிடித்துத் திரித்துவிடும். மிஞ்சிய சோப்புதான் நுரைக்கும். லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள 20 லிட்டர் வாளித் தண்ணியை முழுக்க நுரைக்க வைக்க வேண்டுமானால், ஏறக்குறைய 60 கிராம் சோப்பு வெறும் திரியாகவே போய்விடும். சீயக்காய், அரப்பு, பூந்திக்கொட்டை இவை அப்படித் திரிவதில்லை. நம்ம பாட்டிமார் கிணற்றடியில் அரப்புத் தேய்த்துக் குளித்ததில் இந்தச் சௌகரியமும் இருந்தது.

குடிப்பதற்கு இந்தியத் தரநிலை வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு தண்ணிக்கு வழியில்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம். "இந்தத் தண்ணியாலதான் கிட்னியில கல்" என்று ஊரெல்லாம் பேச்சு. ஆனால் கடினத்தன்மையால் உடலுக்குக் கேடு என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மதுரை வெயிலில் போதுமான தண்ணி குடிக்காமல் இருப்பதுதான் அதைவிடப் பெரிய ஆபத்து. ஏற்கெனவே கல் உள்ளவர்கள் மருத்துவர் சொற்படி நடக்கட்டும்.

உப்பு வேறு, சுண்ணாம்பு வேறு

நாம் எல்லாவற்றையும் "உப்புத் தண்ணி" என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம். விவசாயிக்கு அது போதாது. சுண்ணாம்புத் தண்ணியில் இருப்பது கால்சியம், மக்னீசியம். இவை பயிருக்குச் சத்து. களிமண்ணைப் பொலபொலவென்று வைப்பதும் கால்சியம்தான். உண்மையான உப்புத் தண்ணியில் இருப்பது சோடியம். அது மிஞ்சினால் களிமண் குழைந்து, காய்ந்ததும் ஓடு போல இறுகும். தண்ணி கீழே இறங்காது, வேர் மூச்சு விடாது.

இங்கேதான் நகரத்து வைத்தியம் நமக்கு வினையாகிறது. கடின நீரை மென்மையாக்கும் சாப்ட்னர் கருவி, கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. 500 மில்லிகிராம் கடினத்தன்மையை முழுக்க நீக்கினால் ஒவ்வொரு லிட்டரிலும் சுமார் 230 மில்லிகிராம் சோடியம் கூடுகிறது. துணி வெளுக்கும், மண் கெடும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் சாப்ட்னரைக் கழுவிவிடும் உப்புத் தண்ணியைத் தென்னைக்குத் திருப்பியிருந்தார்கள். ஓலை நுனியிலிருந்து கருகிக்கொண்டு வந்தது. ஆர்.ஓ. கருவியும் ஒரு லிட்டர் குடிநீர் தர இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளுகிறது. வடிகட்டிய உப்பெல்லாம் அந்தக் கழிவில்தான் நிற்கிறது. வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் அது ஆகும்; மாடித் தோட்டத்துக்கு வேண்டாம். சோடா சேர்ந்த சலவைத் தூள் தண்ணிக்கும் இதே கதைதான்.

வயலில் ஏறும் சுண்ணாம்பு

ஒரு ஏக்கருக்கு இரண்டு அங்குல உயரம் தண்ணி கட்டினால் இரண்டு லட்சம் லிட்டர். அதில் லிட்டருக்கு 600 மில்லிகிராம் கடினத்தன்மை இருந்தால், ஒரே பாய்ச்சலில் 120 கிலோ சுண்ணாம்புக்குச் சமமான சத்து நிலத்தில் இறங்குகிறது. அது பைகார்பனேட்டாக வரும்போது மண்ணின் காரத்தன்மை ஏறும். இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தும் பயிருக்குக் கிடைக்காது. நரம்பு பச்சையாகவும் நடு இலை மஞ்சளாகவும் தெரிவது அதன் அடையாளம். "உரம் பத்தலை" என்று மேலும் மேலும் கொட்டுவதில் பயன் இல்லை.

தக்கைப்பூண்டு, சணப்பு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவது, மட்கு, மூடாக்கு இவைதான் நமக்கு மருந்து. இலைதழை மட்கும்போது வெளிவரும் அமிலங்கள் காரத்தைத் தணித்து, கட்டுண்ட சத்தை விடுவிக்கும். சோடியம் மிகுந்த தண்ணி என்றால் மண் பரிசோதனைப்படி ஜிப்சமும் இட வேண்டும். சொட்டு நீர்க் குழாய் வைத்திருப்பவர்கள் கடைசி முனைகளை அடிக்கடி திறந்து அலசிவிடுங்கள்.

இன்னொரு சங்கதி. வேப்பெண்ணெயைக் காதி சோப்பில் கரைத்துத் தெளிக்கிறோம். கடினத் தண்ணியில் சோப்பு திரிந்து எண்ணெய் தனியே மிதக்கும்; விசைத்தெளிப்பான் முனை அடைக்கும்; எண்ணெய் ஒரே இடத்தில் விழுந்து இலையும் கருகும். சோப்புக்குப் பதில் பூந்திக்கொட்டைச் சாறு சேர்த்துப் பாருங்கள். தெளிப்புக்கு மட்டுமாவது ஒரு டிரம் மழைத்தண்ணி பிடித்து வைத்தால் இன்னும் நல்லது.

சோதித்துப் பார்க்க

ரெண்டு பாட்டிலில் மழைத்தண்ணியும் கிணற்றுத் தண்ணியும் எடுத்து, குளியல் சோப்பைச் சம அளவு சீவிப் போட்டுக் குலுக்குங்கள். கிணற்றுத் தண்ணி நுரைக்காமல் திரிந்தால் அது கடினம். அதையே நன்கு கொதிக்க வைத்து, ஆறவிட்டு, தெளிவை மட்டும் இறுத்துக் குலுக்குங்கள். இப்போது நுரை கூடினால் அது பைகார்பனேட் வகை. சமையலுக்குக் கொதித்துத் தெளிந்த தண்ணியே போதும், பருப்பும் வேகும். கொதித்த பிறகும் நுரைக்காவிட்டால் நிரந்தரக் கடினம்.

வயலுக்கு இது போதாது. வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீரையும் கொடுத்து, கால்சியம், மக்னீசியம், சோடியம், பைகார்பனேட் நாலையும் கேட்டு வாங்குங்கள். எஞ்சிய சோடியம் கார்பனேட் என்று ஒரு எண் வரும். அது 1.25-க்குள் இருந்தால் பயமில்லை, 2.5-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணியை அப்படியே பாய்ச்சக் கூடாது.

வரவு வைக்காமல் செலவு ஏது?

தண்ணி கீழே போகப் போக பலரும் போரை இன்னும் நூறு அடி இறக்குகிறார்கள். ஆழத்துத் தண்ணி பாறையோடு அதிக காலம் கிடந்தது. பெரும்பாலும் கடினமும் கூடும். அதை நீர்க்கச் செய்ய வல்லது மேலிருந்து இறங்கும் மழை மட்டும்தான். அதை இறக்கிவிட்டவை கண்மாய்கள். தல்லாகுளம் கண்மாய் இருந்த இடத்தில் மாநகராட்சிக் கட்டடம். உலகனேரிக் கண்மாயில் 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை. வங்கியில் வரவே இல்லாத கணக்குக்கு எத்தனை நாள் காசோலை எழுத முடியும்?

மதுரைக்கு ஆண்டில் சராசரியாக 850 மில்லிமீட்டர் மழை. ஆயிரம் சதுர அடி மாடியில் விழுவது 79,000 லிட்டர். சேதாரம் போக 60,000 லிட்டர் கைக்கு வரும். நாலு பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லிட்டர் என்றால் ஆண்டுக்கு 9,000 லிட்டர்தான். 5,000 லிட்டர் தொட்டி ஒன்று 200 நாளைக்குத் தாங்கும். மிச்சத்தைக் கிணற்றுக்கோ உறிஞ்சுகுழிக்கோ விடுங்கள். மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் 2003-இலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிவிட்டார்கள். குழாய் இருக்கும், பல வீடுகளில் குழி தூர்ந்து கிடக்கும்.

ஐப்பசி மழைக்கு முன் மாடியைக் கூட்டுங்கள், குழியைத் தூர் வாருங்கள், முதல் மழையை வெளியே விட்டு அடுத்ததைப் பிடியுங்கள். ஊரில் உள்ளவர்கள் நாலு பேர் சேர்ந்து கண்மாய்க்கு வரும் வரத்துக் கால்வாயை நடந்து பாருங்கள். எங்கே மண் மேடிட்டிருக்கிறது, எங்கே குப்பை அடைத்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு, அடுத்த கிராம சபையில் முதல் ஆளாக எழுந்து பேசுங்கள்.