ஐஸ்லாந்துக் குதிரையும் கோடை அரிப்பும்

குளிகாய்டிஸ் பூச்சியின் நீளம் 1 முதல் 3 மில்லிமீட்டர்தான். சாதாரணக் கொசுவலைக் கண்ணிக்குள்ளேயே புகுந்துவிடும். நம் ஊர் ஆடுகளுக்கு நீலநாக்கு நோயைப் பரப்புவதும் இதுவே. குதிரைகளுக்கோ இதன் கடி ஒவ்வாமையைத் தருகிறது.

கோடையில் அந்தி சாயும் நேரத்தில்தான் இவை கூட்டமாக வந்து மொய்க்கும். குதிரை பிடரியையும் வால் அடியையும் வேலிக் கம்பத்தில் தேய்த்துக்கொண்டே நிற்கும். மயிர் கொட்டும், தோல் தடித்து மடியும், நீர் கசிந்து புண்ணாகும். குளிர்காலத்தில் ஆறிவிடும்; அடுத்த கோடையில் மறுபடி தொடங்கும். பூச்சியின் எச்சிலிலுள்ள புரதங்களைப் பெரும் பகையென்று எடுத்துக்கொண்டு, குதிரையின் உடல் ஐ.ஜி.ஈ. என்னும் எதிர்ப்பொருளைச் சுரக்கிறது. அது தோலிலுள்ள மாஸ்ட் செல்களைத் தூண்ட, அவை ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. அரிப்பு அங்கேதான் பிறக்கிறது.

இந்த அரிப்பு நோய் எல்லாக் குதிரைக்கும் ஏன் வருவதில்லை? இதற்கு விடை தேடுவோர் முதலில் பார்ப்பது ஐஸ்லாந்துக் குதிரைகளை. வெளிக்குதிரை எதையும் உள்ளே விடாமல் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக அந்நாடு காத்துவந்த இனம் அது. அண்மைக்காலம் வரை அங்கே இந்தப் பூச்சியின் தொல்லையே இருந்ததில்லை. அங்கே பிறந்து ஐரோப்பாவுக்கு விற்கப்பட்டு, பூச்சி மிகுந்த இடங்களில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த குதிரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு இந்நோய் வருகிறது. அதே இனம் ஐரோப்பாவிலேயே பிறந்தால் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. குட்டிப் பருவத்திலேயே கடிபட்ட உடல் அந்த எச்சிலைப் பொறுத்துக்கொள்ளப் பழகிவிடுகிறது என்பதே பொதுவான விளக்கம்.

அப்படியானால் மரபுக்கு என்ன பங்கு? சுவீடனில் பிறந்த ஐஸ்லாந்துக் குதிரைகளை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வில், சில பொலிகுதிரைகளின் குட்டிகளில் ஒன்றுக்குக்கூட நோய் இல்லை. வேறு சிலவற்றின் குட்டிகளில் 30 விழுக்காடு வரை இருந்தது. தகப்பன் வழி இத்தனை வேறுபாடு வருவது தற்செயலாக இருக்க முடியாது. ஆனால் இதற்கென்று தனியாக ஒரு மரபணு இல்லை. பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து ஆபத்தைக் கூட்டுகின்றன. அவற்றில் தெளிவாகத் தெரிவது 20ஆம் குரோமோசோமிலுள்ள எம்.எச்.சி. பகுதி. எந்தப் புரதம் சொந்தம், எது அந்நியம் என்று நோய் எதிர்ப்புச் செல்களுக்குக் காட்டிக்கொடுக்கும் மூலக்கூறுகள் அங்கிருந்துதான் உருவாகின்றன. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் அப்பகுதி ஒரே வடிவில் வந்திருந்தால் ஆபத்து கூடுகிறது என்று 2012இல் கண்டறிந்தார்கள்.

என்னை மிகவும் யோசிக்க வைப்பது இன்னொன்று. ஐஸ்லாந்தில் நிற்கும் பொலிகுதிரை கோளாறான மரபணுக்களைச் சுமந்தாலும் அதற்கு அரிக்காது. இந்த ஒவ்வாமையைத் தரும் வகைப் பூச்சி கடிக்க வேண்டுமே! அதன் குட்டிகள் கடல் கடந்த பிறகுதான் குறை வெளிப்படும். வெளியே போன குதிரையைத் திரும்பக் கொண்டுவர அந்நாட்டுச் சட்டமும் இடம் தருவதில்லை. ஆகவே குறை அங்குள்ள வளர்ப்போருக்கும் தெரியவர, ஐரோப்பாவில் இக்குதிரையை வளர்ப்போர் அரிப்பு கண்டதும் மருந்து பூசுவதோடு நில்லாமல், குதிரையின் தாய் தகப்பன் விவரத்தோடு அதை இனப் பதிவேட்டிலும் எழுதவைக்க வேண்டும். அரிப்புள்ள குதிரையை இனப்பெருக்கத்துக்கு விடவே கூடாது.