சவரக்கத்தியும் கறளும்



முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற பொருள்களுள் அளவாற் சிறியதும் பேணுதற்கு அரியதுமான ஒன்றைப் பற்றி இன்று சில சொல்ல விழைகின்றேன். அது மடித்து வைக்கும் பழைய சவரக்கத்தி. அலகு மாற்றும் கத்தியும் மின்கருவியும் பரவிவிட்ட இக்காலத்தில் இதனை நாள்தோறும் கையாள்வோர் சிலரே. எனினும், தந்தையாரோ பாட்டனாரோ வழங்கிய கத்தியொன்று சில வீடுகளில் அலுமாரியின் அடித்தட்டிலோ றங்குப் பெட்டியிலோ இன்றும் கிடக்கின்றது. இங்கிலாந்தின் செபீல்ட் நகரின் பெயரோ, செருமனியின் சோலிங்கன் நகரின் பெயரோ அதன் அடியிற் பொறிக்கப்பட்டிருத்தல் கூடும். பல ஆண்டுகளின் பின் அதனை எடுத்துப் பார்க்கும்போது, அலகு செம்மண் பூசியதுபோலக் காட்சியளித்தால் வருந்தாதார் யார்? “துணியாற் சுற்றிப் பெட்டியிற் பத்திரமாகத்தானே வைத்தோம்; கறள் எவ்வாறு பிடித்தது?” என்று வினவுவர். பத்திரமென நாம் கருதிய அம்முறையே கறளுக்கு இடங்கொடுத்தது என்பதை விளக்குவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

நான் கலைத்துறையிற் பட்டம் பெற்றவன். விஞ்ஞானம் கற்பிப்பவன் அல்லன். ஆயினும், அதிபர் என்ற முறையில் வகுப்புகளைப் பார்வையிடும்போது ஆய்வுகூடத்தில் நான் விரும்பி நோக்கும் பரிசோதனை ஒன்றுண்டு. மூன்று சோதனைக் குழாய்களில் இரும்பாணிகளை இடுவர். முதலாவதில் நீரும் வளியும் உள்ளன. இரண்டாவதில் கொதிக்கவைத்து வளி நீக்கிய நீரை நிரப்பி, மேலே எண்ணெய் ஊற்றி மூடுவர். மூன்றாவதில் வளியுண்டு, நீரற்ற கல்சியங் குளோரைட்டு இடப்படுவதால் ஈரம் இல்லை. சில நாள்களின் பின் முதலாவது குழாயின் ஆணி மட்டுமே கறள் பிடித்திருக்கும். இரும்பு, நீர், ஒட்சிசன் ஆகிய மூன்றும் கூடினாலன்றிக் கறள் பிறவாது. கத்தியினின்று இரும்பை நீக்க இயலாது. வீட்டினின்று வளியை நீக்கவும் இயலாது. நம் கைக்கு எட்டியது நீரை நீக்குவது ஒன்றே.

பழைய சவரக்கத்தி பெரும்பாலும் காபன் உருக்கினால் ஆனது. நூற்றுக்கு ஒரு பங்கு அளவிற் சேர்ந்த காபனே அதற்குக் கடினமும் கூர்மையும் தருகின்றது. 1913ஆம் ஆண்டில் செபீல்ட் நகரில் ஹரி பிறியர்லி என்பார் குரோமியம் சேர்த்துக் கறள் எளிதிற் பிடியாத உருக்கை வார்த்தார். அவ்வுருக்கின் மேல் குரோமிய ஒட்சைட்டு மெல்லிய படலமாகப் படிந்து உள்ளிருப்பதைக் காக்கின்றது. காபன் உருக்கிற் படியும் கறளோ நுண்டுளைகள் நிறைந்தது. அது காவல் செய்யாது, ஈரத்தை மேலும் உள்ளே விடும். நன்கு தீட்டிய கத்தியின் கூர், ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் மெல்லியது. ஆதலின், முதுகிற் கறள் பிடித்தால் அழகு கெடும். கூரிற் பிடித்தாற் கத்தியே கெடும்.

இனி, நீர் எங்கிருந்து வருகின்றது எனப் பார்ப்போம். கழுவிய நீர் அலகிற் காய்ந்தாலும், அலகும் பிடியும் கூடும் ஆணியின் இடுக்கிற் காயாது நிற்கும். விரல் பட்ட இடத்தில் வியர்வையின் உப்புத் தங்கும். கரையோரங்களில் உப்பங்காற்றும், சில கிணறுகளின் உவர்நீரும் அவ்வுப்பை மிகுவிக்கின்றன. உப்பு ஈரத்தைத் தன்பால் ஈர்ப்பதோடு கறளையும் விரைவுபடுத்தும். வளியின் ஈரப்பதன் ஏறத்தாழ 60 வீதத்தைக் கடந்தாற் கறளின் வேகம் கூடுகின்றது. கொழும்பு போன்ற நம் கரையோர நகரங்களில் ஈரப்பதன் பெரும்பாலும் இவ்வளவுக்கு மேலேயே நிற்கின்றது. இத்தகைய ஈரத்தோடு கத்தியை மடித்துத் துணியாற் சுற்றிப் பெட்டியில் அடைத்தால், கறளையும் உடன்வைத்துப் பூட்டியவர்களாகின்றோம்.

நாள்தோறும் சவரக்கத்தியைப் பயன்படுத்துவோர் பின்வருமாறு செய்க. சவரம் முடிந்ததும் சவர்க்காரம் நீங்கத் தூயநீரில் அலகை மட்டும் கழுவுக. பிடியினுள் நீர் புகாது பார்த்துக்கொள்க. உலர்ந்த மென்துணியால் முதுகிலிருந்து கூரை நோக்கித் துடைக்க. கூரிலிருந்து முதுகை நோக்கித் துடைத்தால் துணியோடு விரலும் அறுபடும். முறுக்கிய தாளொன்றை ஆணியின் இடுக்கிற் செலுத்தி ஈரத்தை எடுக்க. பின் தோல்வாரிற் சில முறை மெல்ல இழுத்தால் கூரில் எஞ்சிய நீரும் அகலும். அதன்பின் உடனே மடியாது, சிறுவர் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு மணி நேரம் திறந்து வைக்க. குளியலறை அதற்கு ஏற்ற இடமன்று. ஒருவர் குளித்தபின் நெடுநேரம் அங்கு ஈரம் நிற்கும்.

மாதக்கணக்கிற் பயன்படுத்தாது வைப்போர் எண்ணெய் பூசவேண்டும். வீட்டிலுள்ள தேங்காயெண்ணெயை எடுக்கும் வழக்கம் உண்டு. அது நாட்பட ஊசிப்போய் அமிலம் மிகுந்து உலோகத்தை வருத்தும். நல்லெண்ணெயோ நாளடைவிற் பிசினாக ஒட்டும். தையல் இயந்திர எண்ணெய், மருந்துச்சாலையிற் கிடைக்கும் திரவப் பரபின், வசலின் ஆகிய கனிய எண்ணெய் வகைகள் ஊசிப்போவதில்லை. இவற்றுள் ஒன்றை அலகு முழுவதும், ஆணியின் இடுக்கிலும், மெல்லெனப் பூசினாற் போதும். மீண்டும் சவரம் செய்யுமுன் அதனை நன்கு துடைத்துக் கழுவிவிடுக.

தோலுறை அழகியதே, ஆனாற் பதனிட்ட தோல் ஈரத்தை உறிஞ்சி வைப்பது. அத்தோலிற் தங்கிய உப்பும் அமிலமும் அலகைத் தாக்கும். உறையை வேறாகவும், மெழுகுத்தாளிற் சுற்றிய கத்தியை வேறாகவும் வைத்தலே நன்று. கத்தியை இறுக மூடும் தகரப் பெட்டியில் இட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதியொன்றை உடன் வைக்கலாம். அப்பொதி நிறம் மாறும் வகையானால், மாறியவுடன் புதியதை இடுக.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி முதல் பல கத்திகளுக்குச் செலுலோயிட்டினாற் பிடி செய்தனர். தந்தம் போலவும் ஆமையோடு போலவும் தோன்றும் இப்பொருள், முதுமையிற் சிதைந்து நைதரசன் ஒட்சைட்டு வாயுக்களை வெளிவிடும். அவை ஈரத்தோடு கூடி அமிலமாகிப் பக்கத்திலுள்ள அலகை அரித்துவிடும். பிடியில் வெடிப்போ, கற்பூரத்தை ஒத்த நெடியோ, பிடிக்கு நேராக அலகிற் கறளோ கண்டால், அக்கத்தியை ஏனையவற்றினின்று பிரித்துக் காற்றோட்டமான இடத்தில் வைக்க. இத்தகைய கத்தியை இறுக மூடிய பெட்டியில் வைத்தலாகாது. செலுலோயிட்டு எளிதிற் தீப்பற்றும் ஆதலின், அடுப்புக்கும் விளக்குக்கும் அண்மையிலும் வைத்தலாகாது.

முன்னரே கறள் பிடித்திருந்தால் அஞ்சவேண்டியதில்லை. மேலோட்டமான கறளை எண்ணெய் தோய்ந்த துணியாலும், பின் உலோகம் துலக்கும் பசையாலும் மெல்லத் தேய்த்து நீக்கலாம். அரத்தாள் கொண்டு கூரைத் தேய்த்தல் கூடாது. கூரிற் குழி விழுந்திருந்தால், அதைத் தீட்டுவோர் கையில் ஒப்படைப்பதே முறை. அவராலும் இயலாதெனின், அதனை நினைவுப் பொருளாகப் பேணுக, சவரத்துக்கு எடுக்கவேண்டாம்.

நவராத்திரியின்போது கருவிகளைத் துலக்கிப் பூசைக்கு வைக்கும் வழக்கம் நம் வீடுகள் பலவற்றில் உண்டு. வடகீழ்ப் பருவமழை தொடங்குவதற்குச் சற்று முன் வரும் அந்நாளே பெட்டியைத் திறந்து பார்ப்பதற்கும் தக்க நாள். மாரி கழிந்த தை மாதத்தில் மீண்டும் ஒருமுறை பார்த்து, எண்ணெய் உலர்ந்திருப்பின் புதிதாகப் பூசி வைக்க. ஆண்டில் இருமுறை, ஒவ்வொரு முறையும் கால்மணி நேரம். ஒரு தலைமுறையின் கைப்பொருளை மறு தலைமுறைக்குச் சேர்ப்பதற்கு அவ்வளவு உழைப்பே வேண்டும். மூடுமுன் உலர்த்துக என்பதை மட்டும் மறவாதிருப்போமாக.