விசில் ஊதும் டாக்டர்

அமெரிக்காவில் ஓர் உயர்நிலைப்பள்ளியின் விளையாட்டுத் திடலைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கழுத்தில் விசில், கையில் நிறுத்துக் கடிகாரத்துடன் ஒருவர் நிற்கிறார். மாணவர்கள் அவரை 'டாக்டர்' என்று அழைக்கிறார்கள். ஆனால் அவர் ஊசி போடுபவர் அல்லர்; மருந்துச் சீட்டு எழுதுபவரும் அல்லர். அவர் உடற்கல்வி ஆசிரியர். உடற்பயிற்சி அறிவியலில் டாக்டர் பட்டம் பெற்றவர்.

ஓடவும் குதிக்கவும் சொல்லித் தருவதற்கு டாக்டர் பட்டம் எதற்கு என்று கேட்கிறீர்களா? விடை காண, முதலில் ஓடும் மனிதனின் உடலுக்குள் சற்று எட்டிப் பார்ப்போம்.

ஓடுகின்ற அடுப்பு

தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் இயக்கமாகிறது. மீதி வெப்பமாகிவிடுகிறது. 50 கிலோகிராம் எடையுள்ள மாணவன் ஒருவன் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். அவன் உடல் ஒரு மணி நேரத்தில் சுமார் 500 கிலோகலோரி செலவிடும். அதில் 400 கிலோகலோரி வெப்பம். அதாவது, நிமிடத்துக்கு ஏறக்குறைய 7 கிலோகலோரி.

அவன் உடலின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்தச் சுமார் 42 கிலோகலோரி போதும். ஆகவே, வெப்பம் வெளியேற வழியே இல்லாவிட்டால் 6 நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் உடல் சூடாகும். 37 டிகிரியில் ஓடத் தொடங்கியவன் அரை மணியில் 42 டிகிரியைத் தொட்டுவிடுவான்!

நல்ல வேளையாக நமக்கு வியர்வை இருக்கிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆனால் அது ஆவியாக வேண்டும். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வியர்வையால் பயனில்லை. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாவது குறையும்; தடித்த உடை அணிந்திருந்தாலும் அப்படியே.

அமெரிக்கக் கால்பந்து ஆடுவோர் தலைக்கவசமும் தோள் காப்பும் அணிவார்கள். அவர்களுடைய பயிற்சி கோடையின் உச்சத்தில் தொடங்குகிறது. உடலின் உள் வெப்பநிலை 40 டிகிரியைக் கடந்து மூளையும் தடுமாறினால் அதுவே வெப்பத் தாக்கு. 2001-ஆம் ஆண்டு மின்னசோட்டா வைக்கிங்ஸ் குழுவின் வீரர் கோரி ஸ்டிரிங்கர் பயிற்சிக்குப் பின் இவ்வாறு வீழ்ந்து, மறுநாள் இறந்தார். அப்போது அவருக்கு வயது 27.

தெரிந்தும் பயனில்லையா?

இதைத் தடுக்க வழி தெரியாமலா இருந்தது? இல்லை. 1950-களிலேயே தென் கரோலினாவின் பாரிஸ் தீவில், மரைன் படை வீரர்களின் பயிற்சி முகாமில், யாக்லூ, மினார்டு என்னும் அறிவியலாளர்கள் இதனை ஆராய்ந்தார்கள். அவர்கள் மூன்று வெப்பமானிகளைப் பயன்படுத்தினார்கள். ஒன்றின் குமிழில் ஈரத் துணி சுற்றியிருக்கும். இன்னொன்று, வெயிலை உறிஞ்சும் கருநிறக் கோளத்துக்குள் இருக்கும். மூன்றாவது சாதாரண வெப்பமானி. முதலாவதன் அளவில் 70 சதவீதம், இரண்டாவதில் 20, மூன்றாவதில் 10 என்று எடுத்துக் கூட்டினால் ஓர் எண் கிடைக்கும். எண் உயர்ந்தால் பயிற்சியைக் குறைத்தார்கள். வெப்பத்தால் வீழ்ந்தவர்களின் தொகையும் குறைந்தது.

மூன்றிலும் ஈரக்குமிழுக்கு ஏன் இத்தனை மதிப்பு? வியர்வை எவ்வளவு எளிதாக ஆவியாகும் என்பதைக் காட்டுவது அதுதான்!

மருத்துவ வழியும் தெரிந்ததே. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபால்மத் என்னும் ஊரில் ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் நடக்கிறது. அங்கு 18 ஆண்டுப் பந்தயங்களில் வெப்பத் தாக்குக்கு ஆளானவர்கள் 274 பேர். அவர்களைப் பனிக்கட்டி இட்ட நீர்த்தொட்டிகளில் உடனே அமிழ்த்தினார்கள். 274 பேரும் பிழைத்துக்கொண்டார்கள்! இந்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது.

கருவி இருக்கிறது. தொட்டியும் நீரும் பனிக்கட்டியும் பெரும் செலவு பிடிப்பவை அல்ல. ஆயினும் அதற்குப் பின்னும் அமெரிக்காவில் பள்ளி மாணவர்கள் வெப்பத் தாக்கால் இறந்திருக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் கண்டது திடலுக்கு வந்து சேரவில்லை. ஏன்?

இந்த 'ஏன்' என்பதுதான் நம் விசில் ஊதும் டாக்டரின் ஆராய்ச்சிப் பொருள்.

இருவகைப் பட்டங்கள்

பிஎச்.டி. பட்டம் பெறுபவர், பெரும்பாலும் இதுவரை எவரும் அறியாத ஒன்றைக் கண்டறிய முயல்கிறார். வியர்வைச் சுரப்பி எவ்வாறு இயங்குகிறது என்று அவர் ஆராயலாம். தொழில்முறை டாக்டர் பட்டம் சற்று வேறு. தம் பணியில் அன்றாடம் காணும் ஒரு சிக்கலை எடுத்து, அறிவியல் முறைப்படி ஆராய்ந்து, தீர்வைச் செயலில் சோதித்துப் பார்ப்பதே இதன் நோக்கம்.

கல்வித் துறைக்கான இத்தகைய பட்டத்தை ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1921-இல் வழங்கியது. 'இது நீர் கலந்த பிஎச்.டி.' என்று குறை கூறியவர்களும் உண்டு. 2007-இல் பல பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடி, பணியிடச் சிக்கலையே ஆய்வின் மையமாக்கும் முயற்சியைத் தொடங்கின. உடற்பயிற்சி அறிவியலிலும் இத்தகைய பட்டப் படிப்புகள் உள்ளன. வேலையை விடாமலே, கணிப்பொறி வழியாகப் பாடம் கேட்டுப் படிப்பவர்களும் உண்டு.

ஒரு மாதிரி ஆய்வைப் பார்ப்போம். பத்துப் பள்ளிகள் உள்ள வட்டாரம். ஆய்வாளர் முதலில் எண்ணுகிறார்: எத்தனை பள்ளிகளில் கருவி உண்டு? யார் அதைப் பார்க்கிறார்? தொட்டியில் நீர் நிரப்பியிருக்கிறதா? பின்பு பயிற்சியாளர்களுடன் அமர்ந்து பேசுகிறார். கருவி அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடக்கலாம். அளவைப் பார்ப்பவர் ஒருவர், பயிற்சியை நிறுத்தும் அதிகாரம் உள்ளவர் வேறொருவர் என்றிருக்கலாம். 'தண்ணீர் கேட்பவன் கோழை' என்ற பழைய எண்ணம் எவர் மனத்திலாவது ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

அடுத்து, ஒரு மாற்றம் செய்கிறார். குறிப்பிட்ட எண்ணைத் தாண்டினால் எவர் அனுமதியும் கேளாமல் பயிற்சி நிற்கவேண்டும் என்பது விதி. ஒரு பருவம் முடிந்ததும் மீண்டும் எண்ணுகிறார். நிலைமை மாறியதா? மாறாவிட்டால் காரணம் என்ன? தோல்வியையும் மறைக்காமல் எழுதுவதே நல்ல ஆய்வேடு.

இந்தப் படிப்புக்குச் செல்ல விரும்புவோர் பட்டப் படிப்பும் மேற்பட்டப் படிப்பும் முடித்திருக்க வேண்டும். திடலில் பணியாற்றிய அனுபவமும் வேண்டும். உடலியலும் புள்ளியியலும் தெரிந்தால் மட்டும் போதாது. பிறர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கவும், கேட்டதைத் திரிக்காமல் எழுதவும் பழகவேண்டும். வெப்பமானி பொய் சொல்லாது; ஆனால் அது அலமாரியில் ஏன் கிடக்கிறது என்பதை மனிதரிடம்தான் கேட்டறிய முடியும்!

நீங்களும் இன்றே ஒரு சிறு தொடக்கம் செய்யலாம். உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஈரக்குமிழ் வெப்பமானி இருக்கலாம். விளையாட்டு நேரத்தில் ஆசிரியரின் அனுமதியுடன் அதைத் திடலுக்கு எடுத்துச் செல்லுங்கள். காலை, நண்பகல், மாலை என்று ஒரு மாதம் அளந்து குறித்து வாருங்கள். பிறகு அந்த அட்டவணையை உங்கள் உடற்கல்வி ஆசிரியரிடம் காட்டி, 'ஐயா, எந்த நேரத்தில் ஓடுவது நல்லது?' என்று கேளுங்கள்.