அம்மாவின் முகத்தில் இன்னொருத்தி

மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் ஏ-14 வீதியில், முருங்கனுக்கும் மன்னாருக்கும் இடையில் இருக்கிறது உயிலங்குளம். 2002 சமாதான காலத்தில் இரு தரப்புக் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கும் நடுவே வாசலாக இருந்த ஊர். வாகனத்தை நிறுத்தி, இறங்கி, பையைத் திறந்து காட்டித்தான் அப்பால் போகலாம். இன்று யாரும் நிறுத்தச் சொல்வதில்லை. வயல்வெளியில் நேரான வீதி, பின்னேரம் குறுக்கே வரும் மாடு, தலையில் இருக்க வேண்டிய ஹெல்மெட் ஹாண்டிலில். விபத்து நடக்க வேறென்ன வேண்டும்?

தலையில் அடிபட்டுப் பிழைத்து வந்தவர் வீட்டில் என்ன நடக்கிறது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தையல் பிரித்தாயிற்று, நடக்கிறார், சாப்பிடுகிறார். ஆனால் "முந்திய ஆள் இல்லை" என்கிறார்கள் வீட்டார். சும்மா எரிந்து விழுகிறார், நேற்றுச் சொன்னது இன்று நினைவில்லை. அரிதாகச் சிலருக்கு இதைவிட விசித்திரமான ஒன்று நேர்கிறது.

அப்படி ஒருவரைப் பற்றி வி. எஸ். ராமச்சந்திரனும் வில்லியம் ஹேர்ஸ்டீனும் லண்டன் ரோயல் சொசைட்டியின் ஆய்விதழில் 1997இல் எழுதினார்கள். ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டுக் கேம்பிரிட்ஜ் போன தமிழர்; பிறகு கலிபோர்னியாவின் சன் டியேகோவில் பேராசிரியரானார். கட்டுரையில் 'டி.எஸ்.' என்று மட்டும் குறிக்கப்படுபவருக்கு வயது 30. வீதி விபத்தில் தலையில் அடிபட்டு மூன்று கிழமை கோமாவில் கிடந்தவர். எழுந்தார், பேச்சும் நினைவும் திரும்பின. பெற்றோரைப் பார்த்தபோதுதான் சிக்கல்: இவர்கள் என் அம்மா அப்பா மாதிரியே இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் இல்லை, யாரோ வேஷம் போட்டு வந்திருக்கிறார்கள் என்றார்.

அதே பெற்றோர் தொலைபேசியில் பேசினால் உடனே அடையாளம் கண்டுகொண்டார்!

1923இல் பிரெஞ்சு மனநல மருத்துவர் ஜோசப் கப்கிராஸ் விவரித்ததால் இதற்கு அவர் பெயரே வழங்குகிறது. நெடுங்காலம் இதை மனதின் உள்முரண் என்றே விளக்கி வந்தார்கள். ராமச்சந்திரன் மூளையின் பாதையைத் தேடினார். முகத்தை இன்னாரென்று அறிவது ஒரு பகுதி. அதைக் கண்டதும் பாசமோ பயமோ எழச் செய்வது அமிக்டலா என்ற இன்னொரு பகுதி. வேண்டியவர் முகத்தைக் கண்டால் நமக்குத் தெரியாமலே கை இலேசாக வியர்க்கும்; தோலில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் போகிறது என்று அளந்தால் அது தெரிந்துவிடும். டி.எஸ்.ஸுக்குப் பழகிய முகங்களைப் பார்த்தபோதும் அந்த ஏற்றம் இல்லை. அழுகை, சிரிப்பு, கோபம் எல்லாம் அவரிடம் இருந்தன. அறுந்தது முகத்திலிருந்து பாசத்துக்குப் போகும் இழை மட்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. குரலின் பாதை வேறு, அதற்குச் சேதமில்லை.

ராமச்சந்திரன் பின்னர் எழுதிய நூலில் ஒரு தகப்பன் வருகிறார். இத்தனை நாள் உன்னோடு இருந்தவன் போலி, அவனைச் சீனாவுக்கு அனுப்பிவிட்டேன், நான்தான் உன் உண்மையான அப்பா என்று மகனிடம் சொல்லிப் பார்க்கிறார். மகனும் கொஞ்சம் நம்புகிறான். ஒரு கிழமையில் பழைய கதைதான். பெற்ற பிள்ளையிடம் இப்படியும் நடிக்க வேண்டியிருந்திருக்கிறது.

இந்த விளக்கம் முழுமையானதல்ல. முன்மூளையில் அடிபட்ட சிலருக்கும் இதே வியர்வை மாற்றம் இல்லாமல் போகிறது. அவர்கள் யாரையும் போலி என்பதில்லை. ஆகவே 'இது இருக்க முடியாது' என்று சரிபார்த்துத் தள்ளும் திறனும் கூடவே பழுதாகியிருக்க வேண்டும் என்று பின்வந்தவர்கள் சேர்த்தார்கள். அதுவே பொருத்தமாகப் படுகிறது. ஆனாலும் வீட்டாருக்கு ராமச்சந்திரன் தந்தது பெரிது: பிள்ளைக்குப் பேய் பிடிக்கவில்லை, பாசமும் அற்றுப்போகவில்லை.

சுவசெரிய அம்புலன்ஸ் 2018 முதல் வடக்கிலும் இலவசமாக ஓடுகிறது, இலக்கம் 1990. தலையில் அடிபட்டவர் எழுந்து நன்றாகப் பேசினாலும் மயக்கம், வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி இருந்தால் உடனே அழையுங்கள். வீடு வந்தபின் குணம் மாறினால், தையலைக் காட்டப் போகும் நாளிலேயே அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். அடிபட்டவர் தானாகச் சொல்லமாட்டார்.