ஐ.சி. பழுதா, போலியா?

நரிக்குடிப் பக்கத்து மாணவர் ஒருவர் கண்மாயின் நீர்மட்டத்தை அளந்து கணிப்பொறிக்கு அனுப்பும் கருவி செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கருவியை யு.எஸ்.பி. வழியே இணைக்கிறார், ஓர் எண்ணும் வந்து சேரவில்லை. "ஐ.சி. போய்விட்டது" என்கிறார்கள் நண்பர்கள். பற்றவைக்கும்போது சூடு மிகுந்திருக்கலாம். வறண்ட காற்றில் நம் உடலில் சேரும் நிலைமின்னும் ஐ.சி.யைக் கெடுக்கவல்லது. ஆனால் ஐ.சி. போலியாகவும் இருக்கலாம் அல்லவா?

இத்தகைய இணைப்பு அட்டைகளில் பரவலாக உள்ளது எஃப்.டி.232ஆர்.எல். என்னும் 28 கால் ஐ.சி. முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். 5 வோல்ட் வந்தும், 17-ஆவது காலில் ஐ.சி. தானே தரவேண்டிய 3.3 வோல்ட் இல்லையென்றால் பழுது என்று ஐயுறலாம். இருந்தால், கணிப்பொறியின் கருவிப் பட்டியலில் அதன் அடையாள எண்ணைப் பாருங்கள். 6001 என்று இருக்கவேண்டிய இடத்தில் 0000 இருக்கிறதா? ஐ.சி. சாகவில்லை, பெயர்தான் பறிபோயிருக்கிறது.

இதைத் தயாரிப்பது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலுள்ள எஃப்.டி.டி.ஐ. நிறுவனம். 2014 அக்டோபரில் விண்டோஸ் வழியாகப் பரவிய அதன் புதிய இயக்கி மென்பொருள், போலி ஐ.சி.களின் எண்ணை 0000 ஆக்கிவிட்டது. அசல் மட்டும் தப்பியது எப்படி? அசலின் நினைவகத்தில் தகவல்கள் இரண்டிரண்டாகவே பதியும். இரட்டைப்படை முகவரிக்கு வந்த தகவல், அடுத்த ஒற்றைப்படை முகவரிக்குரியது வரும்வரை காத்திருக்கும். ஒரு கை தட்டினால் ஓசை எழுமா? இயக்கி இரட்டைப்படை முகவரிக்கு மட்டுமே எழுதிற்று. அசலில் ஒன்றும் பதியவில்லை. போலியோ வந்ததை உடனே எழுதிக்கொண்டது! அவ்வாண்டில் ஒரு போலியின் உறையை நீக்கி நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், உள்ளே அசலைப்போல் நடிக்க நிரல் எழுதப்பட்ட ஒரு பொதுவகை நுண்கட்டுப்படுத்தியையே கண்டனர். மேலே இருந்த எழுத்துக்களும் லேசரால் பொறித்தவை அல்ல, மையால் அச்சிட்டவை.

தந்திரம் நுட்பமானதுதான். ஆயினும் போலி செய்தவன் எங்கோ இருக்க, தெரியாமல் வாங்கியவரைத் தண்டிப்பது முறையன்று என்பதே என் எண்ணம். எதிர்ப்பு எழவே, சில நாட்களில் அந்த இயக்கி திரும்பப் பெறப்பட்டது.

இழந்த எண்ணை அதற்குரிய நிரலால் மீண்டும் எழுதிவிடலாம். பிறகு அனுப்பும் காலையும் பெறும் காலையும் ஒரு கம்பியால் இணைத்து, ஓர் எழுத்தைத் தட்டுங்கள். அதே எழுத்து திரும்பி வந்தால், போலியாயினும் ஐ.சி. வேலை செய்கிறது. ஆனால் 2016-இல் வந்த மற்றோர் இயக்கி, போலியைக் கண்டால் அளவுகளுக்குப் பதிலாக 'அசலல்லாத கருவி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களை அனுப்பியது. நீர்மட்டம் வரவேண்டிய இடத்தில் அந்தச் சொற்கள் வந்தால், பழுதைக் கம்பிகளில் தேடவேண்டியதில்லை.