குறைந்த எடை மீண்டும் கூடினால்

உடற்பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையில் அறுவை செய்துகொள்வோர் நம் நாட்டில் பலர் உளர். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ சிகிச்சை பெற்று, பின்னர் பணியின் பொருட்டுப் புனே, தில்லி, கொல்கத்தா என்று வேற்றூர் சென்று வாழும் தமிழர்களும் அவர்களுள் அடங்குவர். முதல் ஈராண்டில் எடை நன்கு குறைகிறது. சில ஆண்டுகள் கழிந்தபின் எடைப்பொறியின் முள் மெல்ல மேலேறத் தொடங்குகிறது. அப்போது பலர் செய்வது யாது? எடை பார்ப்பதையே நிறுத்திவிடுகின்றனர். மருத்துவரிடம் செல்ல நாணுகின்றனர். அந்த நாணத்திற்கு இடமில்லை என்பதையும், மீளும் வழி உண்டு என்பதையும் இங்குக் காண்போம்.

இவ்வறுவைகளுள் இருவகை மிகுதியும் வழக்கில் உள்ளன. ஸ்லீவ் என்னும் முறையில் இரைப்பையின் முக்கால் பங்கிற்குக் குறையாத பகுதி வெட்டி அகற்றப்படுகிறது. எஞ்சியது சட்டைக்கை போன்ற ஒரு குழாயாக நிற்கிறது. பைபாஸ் என்னும் முறையில் இரைப்பையின் மேற்புறத்தில் ஏறக்குறைய 30 மில்லி லிட்டர் கொள்ளும் சிறு பை ஒன்றை அமைத்து, அதனைச் சிறுகுடலில் சற்றுக் கீழே இணைத்துவிடுவர். அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்டு மேசன் என்ற அறுவை மருத்துவர் 1966-இல் தொடங்கிய முறையிலிருந்து வளர்ந்தது இது.

உணவிற்கு இடம் குறைவது மட்டுமே இவற்றின் பயன் என்று எண்ணலாகாது. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் இயக்குநீர் பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் சுரக்கிறது. ஜப்பானிய அறிஞர்கள் 1999-இல் இதனைக் கண்டறிந்தனர். ஸ்லீவ் அறுவையில் அப்பகுதியே நீங்கிவிடுவதால் பசி தணிகிறது. அன்றியும், ‘போதும்’ என்று மூளைக்கு உணர்த்தும் குடல் இயக்குநீர்கள் இருவகை அறுவைக்குப் பின்னரும் மிகுகின்றன.

அங்ஙனமாயின் எடை ஏன் திரும்புகிறது? இழந்த எடையை மீட்கவே உடல் முயல்கிறது. மெலிந்த உடலுக்குச் செலவாகும் ஆற்றல் குறைவு. எனவே முன்பு எடையைக் குறைத்த அதே உணவு பின்னர் எடையைக் காக்கவே போதுமானதாகிறது. ஆண்டுகள் செல்லச் செல்லப் பசியும் ஓரளவு திரும்புகிறது. சிறு பையோ, அது குடலுடன் சேரும் வாயிலோ சிலருக்கு விரிந்துவிடுதலும் உண்டு. ஸ்டீராய்டு, இன்சுலின், மனநோய்க்குரிய சில மருந்துகள் ஆகியவையும் எடையைக் கூட்ட வல்லன.

உணவின் தன்மையும் இங்குக் கருதத்தக்கது. மூன்றாவது இட்லியை உண்ண இயலாதவரும் மிக்சரையும் பிஸ்கட்டையும் கொறித்தே ஒரு பொட்டலத்தைத் தீர்த்துவிடக் கூடும். சர்க்கரையிட்ட காபி, லஸ்ஸி, ஐஸ்கிரீம் ஆகியவை இரைப்பையில் தங்காது எளிதில் வழிந்து செல்வன. வயிறு நிறையாது, ஆற்றல் மட்டும் சேரும். மதுவோ இவ்வறுவைக்குப் பின், சிறப்பாகப் பைபாஸுக்குப் பின், இரத்தத்தில் விரைந்து ஏறுகிறது. ஆதலின் அது இருமடங்கு தீது.

சுவீடன் நாட்டில் 1987-இல் தொடங்கிய பேராய்வு ஒன்றின் முடிவுகள் 2007-இல் வெளிவந்தன. அதில் பைபாஸ் செய்துகொண்டோர் முதல் ஈராண்டிற்குள் சராசரியாக 32 விழுக்காடு எடை இழந்தனர். பத்தாம் ஆண்டில் அவ்விழப்பு 25 விழுக்காடாக நின்றது. 120 கிலோ எடையுள்ளவர் 82 கிலோவாகக் குறைந்து, பின்னர் 90 கிலோவை எட்டுவதற்கு இது ஒப்பாகும். எட்டுக் கிலோ கூடியது மெய். 30 கிலோ குறைந்தே இருப்பதும் மெய். ஆகவே சிறிதளவு ஏறுதல் எதிர்பார்க்கத்தக்கதே. ஏற்றம் நில்லாது தொடர்ந்தால், தணிந்திருந்த நீரிழிவும் இரத்த அழுத்தமும் திரும்பக் கூடும். அதனாலேயே காலந்தாழ்த்தலாகாது.

மீளும் முறை எளியது; ஆயின் ஒழுங்கு வேண்டும். வாரம் ஒரு நாள் எடை பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். ஒவ்வொரு வேளையும் முட்டை, மீன், பருப்பு, சுண்டல், பனீர் போன்ற புரத உணவை முதலிலும், காய்கறியைப் பிறகும், சோற்றையோ சப்பாத்தியையோ இறுதியிலும் உண்ணுதல் நன்று. நாளொன்றுக்கு 60 கிராம் புரதமேனும் பெறுவது பொதுவான அளவு. சிறுநீரக நோயுள்ளோர் மருத்துவரைக் கேட்டறிக. உண்ணும்போதே நீர் பருகாமல் அரைமணி நேரம் பொறுத்துப் பருகலாம். நடையோடு தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். சில நாள் நீராகாரம் மட்டும் அருந்தினால் விரிந்த பை சுருங்கிவிடும் என்று கூறுவோர் உளர். அதற்கு ஆதாரமில்லை.

இவற்றால் பயன் காணாவிடின், எண்டாஸ்கோப்பியோ மருந்து பருகி எடுக்கும் எக்ஸ்ரேயோ கொண்டு உள்ளமைப்பை ஆராய்வர். பசியைத் தணிக்கும் செமாகுளுடைடு, டிர்செபடைடு ஆகிய ஊசிமருந்துகள் எடைக்குறைப்பிற்காக 2025-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. தக்கவர்க்கு மருத்துவர் அவற்றை அளிக்கக் கூடும். மறு அறுவையும் உண்டு. எனினும் முதல் அறுவையைக் காட்டிலும் அதில் இடர் மிகுதி. ஆதலின் அது கடைசி வழியாகவே கருதப்படும்.

வேற்று மாநிலத்தில் வாழ்வோர்க்கு இன்னும் ஒன்று கூற வேண்டும். இவ்வறுவை செய்தோருக்கு இரும்பு, பி12, டி உயிர்ச்சத்து, சுண்ணாம்பு ஆகியவை வாழ்நாள் முழுதும் கண்காணிக்கப்பட வேண்டியவை. எடை கூடியிருப்பவர்க்கும் இச்சத்துகள் குறைந்திருத்தல் கூடும். ஊர் மாறியதும் பரிசோதனை நின்றுபோவது எளிது. எனவே, அறுவை செய்த மருத்துவமனையிலிருந்து விடுப்புக் குறிப்பைப் பெற்று, அதன் படியொன்றைக் கைப்பேசியிலும் வைத்திருங்கள். புதிய ஊரின் மருத்துவரிடம் எவ்வகை அறுவை, எந்த ஆண்டு என்பதை முதலிலேயே தெரிவியுங்கள். பைபாஸ் செய்தவர்க்குச் சில வலிநிவாரண மாத்திரைகள் குடற்புண்ணை உண்டாக்கும். அதனை அவர் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

இரத்த அழுத்தம் மீண்டும் ஏறினால் எவரும் வெட்கப்படுவதில்லை. மருந்தின் அளவை மாற்றிக்கொள்கிறோம். உடற்பருமனும் அத்தகைய நெடுநாள் நோயே. எடை கூடியது கண்டவர் இவ்வாரமே சென்று மருத்துவரைக் காண்பாராக.