பெருங்காமநல்லூரைக் கண்டு வந்தோம்

ஊர் பார்க்கப் போனோம். கோட்டை கொத்தளம் உள்ள ஊரல்ல; ராஜா பிறந்த ஊருமல்ல. தேவாரத்தில் பஸ் ஏறி, தேனி வழியே ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி, உசிலம்பட்டியில் இறங்கி, அங்கிருந்து பெருங்காமநல்லூர் சேர்ந்தோம். சிற்றூர், ஒரு நினைவுத் தூண். அவ்வளவுதான். ஆனால் அதன் முன் நின்றபோது தோளில் கிடந்த துண்டு தானாகக் கைக்கு வந்தது!

என்ன நடந்தது இங்கே? வெள்ளையர் அரசு 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் செய்தது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. திருடினானா என்ற விசாரணை இல்லை. இன்ன குலத்தில் பிறந்தானா என்பதே கேள்வி! பிறந்தவன் கைரேகை கொடுக்கவேண்டும். இரவில் போலீஸ் காவலில் படுக்கவேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்கவேண்டும். கலப்பை பிடித்துக் காய்த்த கைக்குக் கள்ளன் கை என்று பெயர்!

1920 ஏப்ரல் 3. ரேகை எடுக்கப் போலீஸ் வந்தது. கொடுக்கமாட்டோம் என்றது ஊர். துப்பாக்கி பேசியது. 16 உயிர்கள் சாய்ந்தன. அவர்களில் ஒருத்தி மாயக்காள். ஜாலியன்வாலாபாக் நடந்து ஓராண்டுகூட நிறையவில்லை. அந்தப் பெயர் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இந்தப் பெயர்?

நியூசிலாந்தைப் பாருங்கள். வைட்டாங்கியில் 1840 பிப்ரவரி 6 அன்று மாவோரித் தலைவர்களிடம் ஒப்பம் வாங்கினான் வெள்ளையன். ஆங்கிலப் பிரதி முழு இறைமையும் ராணிக்கு என்றது. மாவோரிப் பிரதியோ தலைவர்களின் உரிமை தலைவர்களுக்கே என்றது. ஒரே ஒப்பந்தம், இரண்டு நாக்கு! அங்கே மண்ணுக்காகக் கையெழுத்துக் கேட்டார்கள். இங்கே மானத்துக்கு விலையாகக் கைரேகை கேட்டார்கள். ஆனால் மாவோரிகள் மறக்கவில்லை. அந்த நாள் இன்று அங்கே தேசிய விடுமுறை. மீறப்பட்ட வாக்குறுதிகளை விசாரிக்க 1975-இலேயே தனி மன்றம் அமைந்தது.

நம் லோயர்கேம்பில் பென்னிகுவிக்குக்கு மணிமண்டபம் இருக்கிறது. இருக்கட்டும்! தண்ணீர் தந்தவனை மறப்பது தமிழன் பண்பல்ல. ஆனால் 1895-இல் பெரியாறு அணையை முடித்த அதே ஆட்சிதான் 1920-இல் சுட்டது. அணைக்குக் கல் சுமந்து காய்ச்சலில் மாண்ட கூலிகளும் அந்த ஆட்சியின் கணக்கில்தான் இருக்கிறார்கள். வரவை எழுதுகிறவர்கள் செலவையும் எழுதவேண்டாமா?

சென்னை மாகாணத்தில் 1947-இல் அந்தச் சட்டம் ஒழிந்தது. நாடு முழுவதும் 1952-இல். ஏட்டில் ஒழிந்தது, ஏழையைக் கண்டதும் ஐயுறும் பார்வை ஒழிந்ததா? சொல்லுங்கள் தோழர்களே!

ஏப்ரல் 3 வரும். பிள்ளைகளின் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். ரேகை தர மறுத்த கைகளின் கதையைச் சொல்லுங்கள்!